தேவதைக் கதையிலிருந்து பிறந்த ஃபேன்டசி நாவலை மறுபடி வாசிக்க ஒரு வழிகாட்டி

சிண்டரெல்லாவின் காலுக்குக் கடைசியில் செருப்பு பொருந்திவிடும் என்பது முதல் பக்கத்தைத் திருப்பும் முன்பே எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தக் கதையை இளையோர் நாவலாகத் திரும்ப எழுதுபவர், ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற ஆவலை மட்டும் நம்பி எழுத முடியாது. பழைய கதையை எங்கே அப்படியே விடுவது, எங்கே வளைப்பது, எங்கே உடைப்பது என்பதில்தான் அவருடைய உழைப்பு இருக்கிறது. முதல் வாசிப்பில் காதலும் சண்டையும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுவதால் இந்த உழைப்பு கண்ணில் படுவதில்லை. இரண்டாம் வாசிப்பில் படும், அதுவும் பழைய கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறது இந்தக் கட்டுரை.

எந்த நாவலை எடுப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் தொடர் நாவல்களைத் தள்ளி வைப்பது நல்லது. ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும், ஒரே ஒரு தேவதைக் கதையை எடுத்துக்கொண்டதாக இருக்க வேண்டும், 300 முதல் 400 பக்கத்துக்குள் இருந்தால் இன்னும் வசதி. நாலைந்து கதைகளைக் கலந்து எழுதிய தொடர்கள் அருமையாகவே இருக்கலாம். ஆனால் எந்த இழை எந்தக் கதையிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கே பாதி நேரம் போய்விடும். கை பழகிய பிறகு அவற்றுக்குப் போகலாம்.

முடிவு நினைவிருந்து, நடுப்பகுதி மங்கிப்போன புத்தகம்தான் இதற்கு மிகப் பொருத்தம். பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அந்த நிலை வந்துவிடும். முடித்த கையோடு மறுநாளே திரும்ப ஆரம்பித்தால் நாவலின் கட்டமைப்பு துல்லியமாகத் தெரியும். ஆனால் வாக்கியங்கள் இன்னும் மனதில் ஒலித்துக்கொண்டிருப்பதால் கண் வரிக்கு வரி தாவிவிடும். தன்மையில், அதாவது ‘நான்’ என்று சொல்லும் நாவலாக இருந்தால் முதல் முயற்சிக்கு இன்னும் எளிது. கதை சொல்லும் பெண்ணுக்கோ பையனுக்கோ முடிவு முன்பே தெரியும். அந்தத் தெரிதல் முதல் அத்தியாயத்திலேயே எங்காவது கசிந்திருக்கும்.

புத்தகம் சொந்தப் பிரதியாக இருந்தால் பென்சில் போதும். இரவல் பிரதி என்றால் ஒட்டிப் பிரிக்கும் வண்ணத்தாள்கள் மூன்று நிறத்தில் வேண்டும். மின்நூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண்ணும் மாறிவிடும் என்பதால், குறிப்பில் அத்தியாய எண்ணையும் சதவீதத்தையும் எழுதுங்கள். ஒலிநூல் உரையாடலின் தொனியைக் கேட்க அருமையானது. ஆனால் முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கும் வேலைக்கு அது உதவாது. அச்சுப் பிரதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். நேரத்தைப் பொறுத்தவரை, நாளுக்கு 25 பக்கம் என்று வைத்தால் 350 பக்க நாவலுக்கு இரண்டு வாரம் ஆகும். குறிப்பு எழுத இன்னும் நாலைந்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: திறக்கும் முன் எழுதுங்கள்

புத்தகத்தைத் தொடாமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, நினைவில் இருப்பதை அரைப்பக்கம் எழுதுங்கள். நாவல் எந்தக் காட்சியில் தொடங்குகிறது? யார் சொல்கிறார்கள்? அந்தக் கதைக்குப் பேர்போன பொருள் (செருப்பு, ரோஜா, ஆப்பிள், நூல் நூற்கும் கதிர்) எப்படி வருகிறது? கடைசிக் காட்சி என்ன? இந்த நாலும் போதும்.

இதைத் தவிர்த்துவிட்டு நேராக வாசிக்கத் தொடங்குபவர்கள்தான் அதிகம். அது பெரிய இழப்பு. புத்தகத்தைத் திறந்து இருபது பக்கம் போனதும் பழைய நினைவு அழிந்து, ‘ஆமாம், இப்படித்தான் இருந்தது’ என்று புதிய நினைவு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எழுதி வைத்தால்தான் நாவல் உண்மையில் செய்ததையும் நம் மனம் சேர்த்துக்கொண்டதையும் பிரிக்க முடியும். திரைப்படத்தில் பார்த்த காட்சியை நாவலில் வாசித்ததாக நினைத்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

இரண்டாம் படி: எந்தப் பழைய கதை என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ‘சிண்டரெல்லா கதை’ என்று ஒன்று தனியாகக் கிடையாது. சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதி வைத்த யே ஷியன் கதை இருக்கிறது. இத்தாலியில் ஜாம்பத்திஸ்தா பசீலேயின் தொகுப்பில் (1634–36) ஒன்று இருக்கிறது. பிரான்சில் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்டது ஒன்று, ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்டது இன்னொன்று. நாவலாசிரியர் எதிலிருந்து எடுத்தார் என்று தெரியாமல், ‘இதை அவர் மாற்றிவிட்டார்’ என்று குறித்தால் குறிப்பு முழுவதும் தப்பாகிவிடும்.

கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. சிண்டரெல்லாவை எடுத்துக்கொள்வோம். பூசணிக்காய் வண்டி, தேவதை ஞானத்தாய், கண்ணாடிச் செருப்பு, நள்ளிரவுக் கெடு ஆகிய எல்லாம் பெரோவிடமிருந்து வருபவை. அவருடைய கதையில் ஆறு எலிகள் குதிரைகளாகும், ஒரு பெருச்சாளி வண்டிக்காரனாகும், ஆறு பல்லிகள் பணியாட்களாகும். விருந்து இரண்டு இரவு நடக்கும். கிரிம் கதையில் தேவதையே இல்லை. அம்மாவின் சமாதியில் நட்ட ஹேசல் மரமும் அதில் வந்து உட்காரும் வெள்ளைப் பறவையும்தான் உடை தருகின்றன. விருந்து மூன்று நாள். நள்ளிரவுக் கெடு எதுவும் கிடையாது, அவளாகத்தான் ஓடிப்போகிறாள். மூன்றாம் நாள் இளவரசன் படிக்கட்டில் கீல் பூசி வைத்ததால்தான் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. செருப்பு தங்கம். சகோதரிகளில் ஒருத்தி கால்விரலையும் மற்றவள் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். உங்கள் நாவலில் அம்மாவின் சமாதிக்கு முக்கிய இடம் இருந்தால், பறவைகள் உதவிக்கு வந்தால், ஆசிரியர் கிரிம் பக்கம் நிற்கிறார் என்று நம்பலாம்.

தூங்கும் அழகிக்குத் தேவதைகளை எண்ணிப் பாருங்கள். பெரோவில் அழைக்கப்பட்டவர்கள் ஏழு பேர், எட்டாவதாக வருபவள் சாபமிடுகிறாள். கிரிமில் பன்னிரண்டு பேர், பதின்மூன்றாமவள் சாபமிடுகிறாள், ஏனென்றால் ராஜாவிடம் தங்கத் தட்டு பன்னிரண்டுதான் இருந்தது. முத்தம் கொடுத்து எழுப்புவது கிரிமில்தான். பெரோவில் இளவரசன் பக்கத்தில் மண்டியிடுகிறான், நூறாண்டு முடிந்துவிட்டதால் அவள் தானே கண் விழிக்கிறாள். அதோடு கதையும் முடியவில்லை: பாதிக் கதைக்குப் பிறகு, மனிதரைத் தின்னும் அரக்கியான மாமியார் வருகிறாள். நாவலின் இரண்டாம் பாதியில் கொடிய மாமியார் எதற்கு என்று முதல் வாசிப்பில் குழம்பியவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது.

ஸ்னோ ஒயிட் கதையில் வயதைக் கவனியுங்கள். அரசியைவிட அவள்தான் அழகி என்று கண்ணாடி சொல்லும்போது கிரிம் கதையில் அவளுக்கு ஏழு வயது. இளையோர் நாவல் எதுவாக இருந்தாலும் இந்த வயதை உயர்த்தியே ஆக வேண்டும். அந்த உயர்வு அரசியின் பொறாமையையும், வேட்டைக்காரனின் இரக்கத்தையும் முற்றிலும் வேறு பொருளுக்கு மாற்றிவிடுகிறது. அரசி மூன்று முறை வருகிறாள்: இறுக்கும் நாடா, நச்சுச் சீப்பு, ஆப்பிள். நாடாவும் சீப்பும் நாவலில் வந்தால், ஆசிரியர் மூலத்தைத் தேடி வாசித்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

கிரிம் கதைகளை வாசிக்கும்போது பதிப்பின் ஆண்டையும் பாருங்கள். முதல் பதிப்பு 1812, 1815 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்தது. நாம் வழக்கமாக வாசிப்பது 1857இல் வந்த ஏழாம் பதிப்பு. இடையில் நிறைய மாறியிருக்கிறது. முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். பின்னர்தான் சித்தி ஆக்கப்பட்டாள். அம்மாவுக்கும் மகளுக்கும் இடையிலான பகையை மையமாக வைத்த நாவல் என்றால், அது புதுமைக்காகச் செய்ததா, பழைய வடிவத்துக்குத் திரும்பியதா என்பதை இது ஒன்றே தீர்மானிக்கும்.

பழைய கதையை எங்கே எடுப்பது என்று கவலைப்பட வேண்டாம். எல்லாம் பதிப்புரிமை முடிந்தவை, பழைய மொழிபெயர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: கிரிம் சிண்டரெல்லாவில் விரல் வெட்டும் காட்சி இல்லையென்றால் அது சுருக்கம். தேவதைக் கதை ஒன்றை வாசிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆகவே இரண்டு வடிவங்களையாவது வாசித்துவிடுங்கள்.

நாட்டார் வழக்காற்றியலில் கதைகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது. ஆன்ட்டி ஆர்னே 1910இல் தொடங்கியது, ஸ்டித் தாம்சன் விரித்தது, ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004இல் திருத்தியது. சிண்டரெல்லா 510ஏ, தூங்கும் அழகி 410, ஸ்னோ ஒயிட் 709, அழகியும் மிருகமும் 425சி. உங்கள் கதையின் எண் தெரிந்தால் அதே எண்ணில் வேறு நாட்டுக் கதைகளையும் தேடி எடுக்கலாம். இது கட்டாயம் இல்லை. நாவலில் வரும் ஒரு விசித்திரமான விவரம் பெரோவிலும் இல்லை, கிரிமிலும் இல்லை என்றால் அப்போது உதவும்.

மூன்றாம் படி: கதையைக் கண்ணிகளாகப் பிரியுங்கள்

பழைய கதையைப் பத்து முதல் பதினாலு கண்ணிகளாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணிக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்தில் ஒரு செயல். ‘அழகியின் நல்ல குணம்’ என்பது கண்ணி ஆகாது. ‘அழகி ரோஜா கேட்கிறாள்’ என்பது கண்ணி. ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் மாயக்கதைகளை 31 செயல்களாகப் பகுத்தார். அவ்வளவு நுணுக்கம் நமக்கு வேண்டாம். இருபதுக்கு மேல் போனால் அட்டவணையைப் பராமரிப்பதே வேலையாகி, நாவல் பின்னால் போய்விடும்.

அழகியும் மிருகமும் கதைக்கு இரண்டு மூலங்கள் உண்டு. மதாம் த வில்னோவ் 1740இல் ஒரு நாவலின் நீளத்துக்கு எழுதினார். மதாம் லெப்ரன்ஸ் த போமோன் 1756இல் அதை இளம் வாசகர்களுக்காகச் சுருக்கினார். உலகம் முழுக்கப் பரவியது இரண்டாவதுதான். அதன் கண்ணிகள் இப்படி வரும்: வணிகர் செல்வத்தை இழக்கிறார். கப்பல் வந்த செய்தி கேட்டுப் புறப்படும் அவரிடம் அக்காமார்கள் உடை கேட்கிறார்கள், அழகி ரோஜா கேட்கிறாள். திரும்பும் வழியில் புயலில் சிக்கி ஆளில்லாத மாளிகையில் தங்குகிறார். ரோஜா பறிக்கிறார். மிருகம் வந்து, உன் உயிர் அல்லது மகள் என்கிறது. அழகி தானே முன்வந்து போகிறாள். மிருகம் தினமும் இரவு உணவின்போது திருமணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறது, அவள் மறுக்கிறாள். கண்ணாடியில் அப்பா நோயுற்றிருப்பதைப் பார்க்கிறாள். ஒரு வாரத்தில் திரும்புவதாகச் சொல்லி வீட்டுக்குப் போகிறாள். அக்காமார்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு பொய்யாக அழுது அவளை நிறுத்தி வைக்கிறார்கள். மிருகம் சாகக் கிடப்பதாகப் பத்தாம் இரவு கனவு காண்கிறாள். திரும்பி வந்து சம்மதம் சொல்கிறாள், மிருகம் இளவரசன் ஆகிறது. அக்காமார்கள் சிலைகள் ஆகிறார்கள். ஆகப் பதின்மூன்று.

மாளிகையின் நூலகம் திரைப்படம் கொண்டு வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1756இலேயே அழகியின் அறையில் பெரிய நூலகமும் இசைக்கருவியும் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆச்சரியங்களுக்காகவே மூலத்தை வாசிக்க வேண்டும்.

நான்காம் படி: பக்கக் கணக்கு

இப்போது நாவலை எடுங்கள். முதல் சுற்றில் ஆழமாக வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு கண்ணியும் எந்தப் பக்கத்தில் தொடங்கி எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று மட்டும் பாருங்கள். முன்பே வாசித்த நாவல் என்பதால் மூன்று நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். நோட்டின் இடப்பக்கம் கண்ணி, வலப்பக்கம் பக்க எண்.

போமோன் கதையில் அழகி மாளிகையில் மூன்று மாதம் ஓரளவு நிம்மதியாக இருந்தாள் என்று ஒரே வரியில் வருகிறது. நாவல்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான் குடியேறுகின்றன. 360 பக்க நாவல் ஒன்றில் மாளிகை வாழ்க்கை 90ஆம் பக்கத்தில் தொடங்கி 270இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாவலில் பாதி அந்த ஒரு வரியின் விரிவு. மாறாக, கப்பல் செய்தி முதல் ரோஜா வரை மூலத்தில் விரிவாக வரும் பகுதியை ஆசிரியர் பத்தே பக்கத்தில் முடித்திருக்கலாம். இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்தவுடன் ஆசிரியருக்கு எது முக்கியம் என்பது ஊகமாக இல்லாமல் எண்ணாகத் தெரிந்துவிடும்.

கணக்கில் வெற்றிடம் வந்தால் பயப்படாதீர்கள். ஒரு கண்ணி நாவலில் கிடைக்கவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: ஆசிரியர் அதை விட்டுவிட்டார், வேறொரு பாத்திரத்துக்குக் கைமாற்றிவிட்டார், அல்லது நாவல் தொடங்கும் முன்பே நடந்து முடிந்ததாக வைத்துவிட்டார். கைமாற்றம்தான் எளிதில் தவறிப்போகும். அக்காமார்களின் பொறாமை அக்காமார்களிடம் இல்லாமல் அப்பாவிடமோ, மாளிகைப் பணியாளிடமோ போயிருக்கலாம். பெயரைத் தேடாமல் செயலைத் தேடுங்கள், அகப்படும்.

ஐந்தாம் படி: மூன்று நிறத்தில் மெதுவான வாசிப்பு

இதுதான் உண்மையான மறுவாசிப்பு. நாளுக்கு 25 பக்கம் தாண்டாதீர்கள். பழைய கதை அப்படியே வரும் இடத்துக்கு ஒரு நிறம், மாற்றப்பட்ட இடத்துக்கு ஒரு நிறம், முழுக்கப் புதிதாகச் சேர்த்ததற்கு ஒரு நிறம். விடுபட்டவற்றை ஒட்ட இடம் இருக்காது. அவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு பத்திக்கு ஒரு குறிக்கு மேல் வேண்டாம். எல்லா வரியிலும் ஏதாவது தெரிகிறது என்று தோன்றும் நாட்கள் வரும். அன்றைக்கு வாசிப்பை நிறுத்திவிட்டு மறுநாள் வாருங்கள். புத்தகம் முழுக்கத் தாள் ஒட்டிவிட்டால் எது முக்கியம் என்று பிறகு உங்களுக்கே தெரியாது. 350 பக்கத்துக்கு 60 குறி தாராளம்.

மாற்றப்பட்ட இடங்களில் நின்று வாசிக்க வேண்டும். ரோஜாவையே பார்ப்போம். போமோனின் அழகிக்கு ரோஜா மேல் பெரிய ஆசை எதுவும் இல்லை. எதுவும் கேட்காமல் இருந்தால் உடை கேட்ட அக்காமார்களைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமே என்றுதான் கேட்கிறாள். இந்த நுணுக்கமான காரணத்தை ஒரு நாவலாசிரியர் பல விதமாகக் கையாளலாம். அவள் உண்மையிலேயே தோட்டக்காரியாக இருந்து ரோஜாவுக்கு ஏங்கினால், மாளிகையில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, பின்பகுதி முழுவதும் மண்ணும் செடியுமாக அமையும். அப்பாவைச் சோதிப்பதற்காக, கிடைக்காது என்று தெரிந்தே கேட்டால், அவர் பிடிபட்டதில் அவளுக்கும் பங்கு உண்டு. அவள் போவது தியாகமாக இல்லாமல் கடன் தீர்ப்பதாகிவிடுகிறது. அவள் கேட்கவே இல்லை, அப்பாவே பறித்தார் என்றால், அவள் மேல் ஒரு பழியும் இல்லை, கோபத்துக்கு நிறைய இடம் உண்டு. ரோஜா கேட்கும் காட்சி பெரும்பாலும் அரைப்பக்கம்தான் இருக்கும். அந்த அரைப்பக்கத்தை வாசித்துவிட்டு, மாளிகையில் அவள் பேசும் முதல் உரையாடலுக்குப் போய்ப் பாருங்கள். தொடர்பு அங்கே தெரியும்.

மாற்றங்கள் பெரும்பாலும் பழைய கதை பதில் சொல்லாமல் விட்ட கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன. கெயில் கார்சன் லெவின் 1997இல் வெளியிட்ட ‘எல்லா என்சான்டட்’ இதற்குத் தெளிவான உதாரணம். சித்தி சொல்வதையெல்லாம் சிண்டரெல்லா ஏன் செய்கிறாள்? நல்ல பெண் என்பதால், என்று பழைய கதை சொல்லி நகர்ந்துவிடுகிறது. நாவலில் அது பிறந்தவுடன் ஒரு தேவதை கொடுத்த ‘வரம்’: யார் கட்டளையிட்டாலும் அவள் பணிந்தே ஆக வேண்டும். பணிவு குணமாக இருந்தது போய்ச் சாபமாகிவிட்டது, நாவல் முழுவதும் அந்த ஒரு மாற்றத்திலிருந்து நடக்கிறது. உங்கள் நாவலிலும் இப்படி ஒரு மூலக்கேள்வி இருக்கும். அதை ஒரே வரியில் எழுதப் பாருங்கள். பாதி நாவல் தாண்டியும் எழுத வரவில்லை என்றால், பழைய கதையில் உங்களுக்கே உறுத்தும் இடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கும் பெரும்பாலும் அதுதான் உறுத்தியிருக்கும்.

மாயத்தின் விதிகளுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு விதிக்கும் மூன்று எண்கள்: முதலில் சொல்லப்படும் பக்கம், சோதிக்கப்படும் பக்கம், விலை கொடுக்கப்படும் பக்கம். நன்றாகக் கட்டிய நாவலில் இந்த மூன்றும் தள்ளித் தள்ளி இருக்கும். விதி சொல்லப்பட்ட பக்கமும் அது கதாநாயகியைக் காப்பாற்றும் பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், முதல் வாசிப்பில் முடிவு அவசரமாகத் தோன்றியதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். தேவதைக் கதையில் மாயத்துக்கு விளக்கம் தேவையில்லை, பூசணிக்காய் வண்டியாகும், அவ்வளவுதான். 350 பக்க நாவலில் அது செல்லாது. அந்த விளக்கத்தை ஆசிரியர் எவ்வளவு கொடுக்கிறார், எவ்வளவு மறைக்கிறார் என்பதில் அவருடைய திறமை வெளிப்படும்.

முதல் 30 பக்கத்தை முடிவு வாசித்த பிறகு இன்னொரு முறை வாசியுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். கைகள், வாக்குறுதிகள், பூட்டிய கதவுகள், யாரும் பேர் சொல்லாத உறவினர்கள் என்று எல்லாம் அங்கே விதைக்கப்பட்டிருக்கும்.

எங்கே தவறும், ஏன்

பழைய கதையை விடைத்தாளாக வைத்துக்கொண்டு நாவலைத் திருத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ‘மூலத்தில் இப்படி இல்லை’ என்பது குறை ஆகாது. பெரோவும் கிரிமும்கூடத் தங்களுக்கு முன் இருந்ததை மாற்றியவர்கள்தான். மாற்றம் நாவலுக்கு என்ன கொடுத்தது, என்ன கெடுத்தது என்று எழுதினால்தான் குறிப்புக்குப் பயன்.

இன்னொன்று, தெரிந்த கதை என்பதால் கண் ஓடிவிடுவது. ஒரு பக்கம் முடிந்து என்ன வாசித்தோம் என்று நினைவில்லை என்றால், அந்தப் பக்கத்தின் உரையாடலை வாய்விட்டு வாசியுங்கள். வேகம் தானாகக் குறையும். அதற்கும் மசியாத அத்தியாயங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி, ஒவ்வொரு காட்சியாக வாசிக்கலாம். எந்தக் காட்சி எதற்காக வைக்கப்பட்டது என்பது அப்போது பளிச்சென்று தெரியும்.

பதின்மூன்று, பதினாலு வயதில் நேசித்த நாவலுக்குத் திரும்புபவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கும். அன்று காதலாகத் தெரிந்தது இன்று அடக்குமுறையாகத் தெரியலாம். பூட்டி வைப்பது, கேட்காமல் முத்தமிடுவது, பின்தொடர்ந்து கண்காணிப்பது எல்லாம் பழைய கதைகளிலேயே இருப்பவை. நாவல் அவற்றைச் சுமந்தே ஆக வேண்டும். உடனே புத்தகத்தை மூடிவிடாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாவலுக்குள் யாராவது இதை எதிர்க்கிறார்களா? கதை சொல்பவர் பின்னால் இதற்குத் திரும்பி வருகிறாரா? இதற்கு ஏதாவது விளைவு வருகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் நாவல் அதைக் கவனிக்கவே இல்லை. அதை அப்படியே எழுதுங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால், உங்களுக்குத் தெரியும் சங்கடத்தை ஆசிரியரும் தெரிந்தே வைத்திருக்கலாம், இன்னும் பொறுமையாக வாசிக்க வேண்டிய இடம் அது. சிறு வயது வாசிப்பு தப்பு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. முதல் படியில் எழுதிய அரைப்பக்கத்தின் பக்கத்திலேயே இன்றைய கருத்தையும் எழுதி, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள் பெயர்களிலும் பாட்டுகளிலும் கவனமாக இருங்கள். இவ்வகை நாவல்களில் பாத்திரப் பெயர்களுக்குள்ளேயே பழைய கதை ஒளிந்திருப்பதுண்டு. மொழிபெயர்ப்பில் அது ஒலியாக மட்டும் மிஞ்சும். மூலப் பெயரைப் பார்த்து ஒரு வரிக் குறிப்பு எழுதினால் போதும்.

முடித்த பிறகு

ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். கேள்வியும் ஒன்றுதான்: ஆசிரியர் செய்த மாற்றங்களில் எந்த ஒன்றைப் பழையபடி திருப்பி வைத்தால் நாவல் நிற்காது? அறுபது குறிகளில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தேர்ந்தெடுக்கச் சிரமப்பட்டால், ஐந்தை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். ரோஜாவை அவள் பழைய காரணத்துக்காகவே கேட்டிருந்தால் 200ஆம் பக்கத்துச் சண்டை வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அந்த மாற்றம் அலங்காரம். வந்திருக்காது என்றால் அதுதான் அச்சாணி.

பிறகு அதே தேவதைக் கதையை எடுத்துக்கொண்ட வேறொரு நாவலுக்குப் போங்கள். கண்ணிப் பட்டியல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மூலக் கதைகளையும் வாசித்தாயிற்று. வலப்பக்கத்தில் இன்னொரு பத்தி கோடு போட்டு, புதிய நாவலின் பக்க எண்களை அதில் எழுதத் தொடங்கினால் போதும். இரண்டு ஆசிரியர்களும் ஒரே கண்ணியில் எத்தனை பக்கம் தங்கினார்கள் என்பது ஒரே வரிசையில் கண்முன் நிற்கும்.